மொட்டை மாடிச் சாவி யாரிடம்?

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் பத்து ஆண்டுகளில் நம் நகரங்களில் ட்ரோன் வீட்டு வாசலில் பொட்டலம் இறக்குமா என்பது ஒன்று. விமான நிலையத்திலிருந்து பறக்கும் டாக்சியில் வீடு திரும்ப முடியுமா என்பது இன்னொன்று. முடிச்சை அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்ப்போம். இரண்டும் காற்றில் பறக்கின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் அதிக உறவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொட்டலம் வரும், தெருமுனை வரைக்கும். டாக்சியும் பறக்கும், தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் அதில் ஏறப்போவதில்லை. பறக்கவைக்கும் வித்தை பெரும்பாலும் கைவந்துவிட்டது. எங்கே இறங்குவது, யார் காதில் விழுவது, யாரைக் கேட்டு இறங்குவது என்கிற தரைச் சங்கதிகளில்தான் ஊருக்கு ஊர் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

நான் நிலஅளவை வேலைக்காக ட்ரோன் ஓட்டுகிறவன். ட்ரோன்மீது எனக்குப் பகை இல்லை, என் சோறே அதில்தான் இருக்கிறது. அந்தச் சார்பைக் கழித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பொட்டல விஷயத்தில் நமக்கு முன்பே அடிபட்ட ஊர் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் தென்புறத்தில் போனிதான் என்றொரு புறநகர். தோட்டமும் புல்தரையுமாக வீடுகள், அமைதியான தெருக்கள். 2018இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்குச் சொந்தமான விங், அங்கே ட்ரோன் விநியோகத்தைச் சோதித்துப் பார்த்தது. காப்பி, சிற்றுண்டி, மருந்துக்கடைச் சாமான்கள் என்று செல்போனில் சொன்னால் சில நிமிடங்களில் வந்துவிடும். ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள ட்ரோன், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் சுமக்கும். அது தரையில் இறங்குவதே இல்லை. புல்தரைக்கு மேலே ஏழு மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நின்று, கயிற்றில் பெட்டியை இறக்கி, கொக்கியைத் தானே விடுவித்துக்கொண்டு போய்விடும். நாயும் கிட்டே போக முடியாது, குழந்தையும் விசிறியில் கைவைக்க முடியாது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அழகான வேலை.

ஆனாலும் ஊர் கொதித்துவிட்டது. காரணம் சத்தம். அங்கிருந்தவர்கள் அதை மரமறுக்கும் இயந்திரத்தோடும் பந்தயக் காரோடும் ஒப்பிட்டார்கள். ட்ரோன் வேண்டாம் என்று சங்கமே சேர்ந்தார்கள். கணக்கை அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்: காப்பி குடிக்கிறவர் ஒருவர், அந்தக் காப்பி கடந்துபோகிற வழியிலுள்ள வீடுகள் இருபது. அந்த இருபது வீட்டாருக்கும் கிடைத்தது சத்தம் மட்டும்தான். மறுநாளும் அதே வழி, அதே காப்பி.

சாலையில் போகும் மோட்டார் சைக்கிள் இதைவிடச் சத்தம் போடாதா என்று கேட்கலாம். போடும். ஆனால் காது அளவை மட்டும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் 2017இல் ஆட்களை உட்காரவைத்து ட்ரோன் சத்தத்தையும் வாகனச் சத்தத்தையும் கேட்கச் செய்தார்கள். இரண்டும் ஒரே அளவில் ஒலித்தபோதும் ட்ரோன்தான் அதிக எரிச்சல் தந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பஸ் ஒரே கனத்த சுருதியில் இரைந்துகொண்டு வந்து போய்விடும். ட்ரோனின் சின்ன விசிறிகள் மிக வேகமாகச் சுழல்வதால் சுருதி ஏறிப்போகிறது. அதோடு, காற்று சற்றுத் தள்ளினாலும் ஒவ்வொரு விசிறியும் தன் வேகத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்துக்கொள்வதால் அந்தச் சுருதி ஓரிடத்தில் நிற்பதுமில்லை. பக்கத்து வீட்டில் மிக்சியில் சட்னி அரைக்கும்போது நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார்களே, அதை வானத்தில் வைத்துப் பாருங்கள். எப்போது நிற்கும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும்.

போனிதான்காரர்கள் யாரிடம் முறையிடுவது என்பதே அடுத்த சிக்கல். விமானப் பாதுகாப்பு ஆணையம் பாதுகாப்பைப் பார்த்துத்தான் அனுமதி தரும், சத்தம் அதன் வேலை அல்ல. வானம் மத்திய அரசுடையது என்பதால் உள்ளூர் அரசுக்கும் கை எட்டவில்லை. கான்பெராவின் சட்டமன்றக் குழு 2019இல் தனியாக விசாரணை நடத்த வேண்டியிருந்தது. பாதுகாப்புக்கு ஓர் அலுவலகம், வானத்துக்கு ஓர் அலுவலகம், சத்தத்துக்கு மட்டும் நாற்காலி காலி. இதை நினைவில் வையுங்கள், நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

விங் நிறுவனம் விசிறிகளை மாற்றிச் சத்தத்தைக் குறைத்தது, முறையான அனுமதி பெற்று 2019இல் கான்பெராவின் வடபகுதிக்கு நகர்ந்தது. அங்கே மனிதர்கள் ஓரளவு பழகிக்கொண்டார்கள், பறவைகள் பழகவில்லை. 2021 செப்டம்பரில், கூடுகட்டும் பருவத்தில், அண்டங்காக்கை ஒன்று பறந்துகொண்டிருந்த ட்ரோனை அலகால் கொத்திய படம் உலகமெல்லாம் சுற்றியது. அந்தப் பகுதியில் விநியோகத்தையே சில காலம் நிறுத்திவைத்தார்கள். 2022இல் குவீன்ஸ்லாந்தின் லோகன் பகுதியில் ஒரு ட்ரோன் மின்கம்பிமேல் உட்கார்ந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது. மின்வாரிய ஆட்கள் வந்து பார்த்தபோது பெட்டிக்குள் இருந்த சாப்பாடு இன்னும் சூடாகவே இருந்ததாம். 2023இல் விங் கான்பெராவை விட்டு வெளியேறியது. 2021 ஆகஸ்டை ஒட்டி உலகமெங்கும் அது எட்டிய ஒரு லட்சம் பொட்டலங்களில் பாதிக்கு மேல் அதே லோகனில்தான் இறங்கின என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவி ஒன்றுதான், ஊர்தான் வேறு.

காக்கைக் கதை எனக்குச் சிரிப்பாக இல்லை. மாசி மாதத்தில் மதுரைக்கு வெளியே ஓர் ஊரை அளந்துகொண்டிருந்தபோது பருந்து ஒன்று என் ட்ரோனுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றியது. அதற்கும் அது கூட்டில் முட்டை இருக்கும் காலம். பருந்து மேலிருந்துதான் பாயும் என்பதால் ட்ரோனை அவசரமாகக் கீழே இறக்கக் கூடாது, நேரே மேலே ஏற்ற வேண்டும் என்பது தொழிலில் கற்றுக்கொண்ட பாடம். ஏற்றினேன். பருந்து போய்விட்டது. கீழிருந்து வேறொரு குரல் வந்தது.

மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டிருந்த ஓர் அம்மா, படியிறங்கி என்னிடமே வந்துவிட்டார். "என் மாடியைப் படம் எடுக்க யாரைக் கேட்டாய் தம்பி?" என்றார். என் பையில் மாவட்ட நிர்வாகத்தின் கடிதம் இருந்தது, ட்ரோனின் பதிவு எண் இருந்தது, ஓட்டுநர் சான்றிதழ் இருந்தது. எதையும் எடுக்காமல் கையிலிருந்த திரையை அவரிடம் காட்டினேன். நூறு மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் வெள்ளைத் துணியும் அதன்மேல் புள்ளி வைத்தாற்போல் வடகமும் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அவர் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "அங்கே மூலையில் காக்கை உட்கார்ந்திருக்கிறதே!" என்று கத்திவிட்டு மாடிக்கு ஓடினார். அன்றைய சண்டை அப்படி முடிந்தது. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அது பழைய கேள்வி. நிலம் யாருடையதோ அதன்மேல் உள்ள வானமும் அவருடையது என்பது ஆங்கிலேயச் சட்ட மரபில் நெடுங்காலம் இருந்த கொள்கை. விமானம் வந்ததும் அது கட்டுப்படியாகாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வட கரோலினாவில் காஸ்பி என்பவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். ராணுவ விமானங்கள் அவருடைய நிலத்துக்கு 83 அடி உயரத்தில் இறங்கிவந்தன. கோழிகள் மிரண்டு சுவரில் மோதியே சுமார் 150 செத்தன, பண்ணையை மூடினார், வழக்குப் போட்டார். 1946இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. வானம் முழுவதும் உன்னுடையது என்ற பழைய கொள்கை செல்லாது. ஆனால் நிலத்தைப் பயன்படுத்தவே முடியாத அளவுக்குத் தாழப் பறந்தால் அது நிலத்தைப் பறித்ததற்குச் சமம், ஈடு கொடுக்க வேண்டும். எத்தனை அடிக்குக் கீழே வந்தால் 'தாழ' என்று மட்டும் நீதிமன்றம் வரையறுக்கவில்லை. பெரிய விமானங்கள் உயரத்தில் போய்விட்டதால் அந்தக் கேள்வி எழுபது ஆண்டுகள் தூங்கியது. இப்போது ட்ரோன் பறப்பதெல்லாம் அந்த வரையறுக்காத இடைவெளியில்தான்.

இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் நாட்டின் வரைபடத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சளில், அதாவது விமான நிலைய எல்லையிலிருந்து 12 கி.மீ. வரை, கட்டுப்பாடு உண்டு. முன்பு அது 45 கி.மீ. ஆக இருந்தது. 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள வளையத்தில் 200 அடிக்குக் கீழே மட்டும் விலக்கு. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். முந்தைய விதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய தளர்வு. என் போன்றவர்களுக்கு மூச்சு வந்ததே இதனால்தான். ஆனால் சென்னையை அந்த வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மீனம்பாக்கம் விமான நிலையம் ஒருபக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம் மறுபக்கம். கிண்டி, வேளச்சேரி, அடையாறு எல்லாம் அந்த வளையங்களுக்குள் விழுகின்றன. எங்கே ஆர்டர் போடுகிற கை அதிகமோ அங்கேதான் மஞ்சளும் சிவப்பும் அதிகம்.

சத்தத்துக்கான நாற்காலி நம்மிடமும் காலிதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அது ஒலிபெருக்கியையும் வெடியையும் ஜெனரேட்டரையும் மனத்தில் வைத்து எழுதியது. தலைக்கு மேலே கடந்துபோகும் பொருளை எந்தக் காவல் நிலையத்தில் பிடித்துக்கொடுப்பது? வானம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. மாநகராட்சிக்குக் குப்பையும் தெருவிளக்கும்தான். ட்ரோன் இறங்கப்போவதோ அந்தத் தெருவிளக்குக்கு அடியில். இந்தச் சிக்கலை அவிழ்க்காமல் வழித்தடம் போடுவது வீடு கட்டிவிட்டு மனைப்பட்டா தேடுவது போன்றது.

ட்ரோன் எங்கே தலைகுனியாமல் நடக்கிறது என்று பார்த்தால் ருவாண்டா கண்முன் வரும். 2016 அக்டோபரில் ஜிப்லைன் நிறுவனம் முகாங்காவிலிருந்து மருத்துவமனைகளுக்கு ரத்தம் அனுப்பத் தொடங்கியது. மலையும் மண்சாலையுமான நாடு. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத பெண்ணுக்கு அரிதான வகை ரத்தம் வேண்டுமென்றால் தலைநகருக்கு ஜீப் போய்வர வேண்டும். இறக்கை வைத்த அந்த ட்ரோனைக் கவண்போல ஒரு தண்டவாளத்திலிருந்து எறிகிறார்கள். அது மருத்துவமனையில் இறங்குவதில்லை. மேலே ஒரு சுற்றுச் சுற்றி, காகிதப் பாராசூட்டில் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்புகிறது. திரும்பி வந்ததும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள கயிற்றில் வால் கொக்கியை மாட்டித் தொங்கவிட்டுப் பிடித்துவிடுகிறார்கள். சீக்கிரம் போய்ச் சேர்வது மட்டும் இதன் பயன் அல்ல. கேட்டால் உடனே வரும் என்றதும் மருத்துவமனைகள் முன்னெச்சரிக்கையாக ரத்தத்தைப் பதுக்கிவைப்பதை விட்டன. ஓர் ஆண்டில் காலாவதியாகி வீணாகும் ரத்தம் 67 விழுக்காடு குறைந்தது என்று 2022இல் வந்த மருத்துவ ஆய்வு சொல்கிறது. வழியில் இருக்கிறவனுக்கும் சத்தம் கேட்கத்தான் செய்யும். நாளைக்கு அந்த ரத்தம் தன் மனைவிக்காகவும் இருக்கலாம் என்று அவனுக்குத் தெரியும்.

நம் நாட்டிலும் முளை விட்டது இந்தப் பக்கத்தில்தான். 2021 அக்டோபரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மணிப்பூரில் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரித் தீவான கராங்குக்குத் தடுப்பூசி அனுப்பியது. சாலைவழி 26 கி.மீ., வானில் 15 கி.மீ., கால்மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்து பறந்தது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2021இல் ஆறு நகர்ப் பகுதிகளில் கேட்டபோதும் மக்கள் மருத்துவத் தேவைக்குத்தான் முதலில் தலையாட்டினார்கள். காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் அல்ல.

சரி, சாப்பாடே வேண்டும் என்றால்? சீனாவின் ஷென்சென் நகரைப் பாருங்கள். மெய்த்துவான் நிறுவனம் 2021 முதல் அங்கே சாப்பாட்டைப் பறக்கவிடுகிறது. அது எந்த வீட்டு மாடியிலும் இறங்குவதில்லை. குடியிருப்பு ஓரத்திலும் பூங்காவிலும் கூண்டுபோல ஒரு பெட்டி நிற்கிறது. ட்ரோன் அதன் தலையில் இறங்கும், பொட்டலம் உள்ளே போகும், ஆள் வந்து எண்ணைத் தட்டி எடுத்துக்கொள்வார். பழைய கிராமத்துத் தபால்பெட்டிதான், மேல்புறமாகத் திறக்கிறது, அவ்வளவுதான். வழித்தடம் நிலையானது, இறங்குமிடம் நிலையானது, சத்தம் எங்கே என்பதும் முன்கூட்டியே தெரியும். 2024இல் சீனப் பெருஞ்சுவரின் ஒரு பகுதிக்கும் இப்படித் தண்ணீரும் உணவும் அனுப்பத் தொடங்கினார்கள். வேலை ஓய்ந்த நேரத்தில் அதே ட்ரோன் மேலேயுள்ள குப்பையைக் கீழே கொண்டுவருகிறது. மேலே சாப்பாடு, கீழே குப்பை என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தெருமுனை வரைக்கும் என்று முதலில் நான் சொன்னது இதை வைத்துத்தான்.

இனி டாக்சி.

இதற்கு வரலாறு இல்லை என்று நினைத்துக்கொண்டு பலர் பேசுகிறார்கள். உண்டு. நியூயார்க் ஏர்வேஸ் என்ற நிறுவனம் 1950களிலேயே ஹெலிகாப்டரில் பயணிகளை நகரத்துக்கும் விமான நிலையங்களுக்கும் நடுவே ஏற்றிச் சென்றது. பிறகு மன்ஹாட்டன் நடுவிலுள்ள 59 மாடி பேன் ஆம் கட்டடத்தின் உச்சியிலிருந்தே புறப்பட்டது. 1977 மே 16 அன்று, அந்த மாடியில் விசிறி சுற்றிக்கொண்டிருக்க, பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இறங்குசக்கரத்தின் கால் ஒன்று முறிந்தது, ஹெலிகாப்டர் ஒருபக்கம் சாய்ந்தது, சுற்றிய விசிறி தரையில் அடித்து உடைந்தது. மாடியில் நான்கு பேர் இறந்தார்கள். உடைந்த துண்டு கீழே மேடிசன் அவென்யூவில் விழுந்து, நடந்துபோன ஒரு பெண்ணும் இறந்தார். ஹெலிகாப்டரோடு அந்தப் பெண்ணுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அதோடு அந்த இறங்குதளத்தை மூடிவிட்டார்கள், இரண்டு ஆண்டுகளில் நிறுவனமும் மூழ்கியது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் மட்டும் கூரைக்குக் கூரை தாவும் ஹெலிகாப்டர் வாழ்க்கை நிலைத்தது. அந்த நகரத்தில் 400க்கு மேற்பட்ட ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. கீழே சாலை நெரிசல் அப்படியே இருக்கிறது.

இப்போதைய வண்டிகள் ஹெலிகாப்டரைவிட நல்லவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு பெரிய விசிறிக்குப் பதில் பல சிறியவை இருப்பதால் ஒன்று நின்றாலும் மற்றவை தாங்கும். மின்மோட்டாரில் பழுதாகக்கூடிய உறுப்புகளும் குறைவு. கலிஃபோர்னியாவின் ஜோபி நிறுவனத்து வண்டியில் ஓட்டுநரோடு நான்கு பயணிகள் போகலாம்; ஆறு விசிறிகளும் ஏறும்போது மேல்நோக்கியும் பறக்கும்போது முன்நோக்கியும் திரும்பிக்கொள்ளும். நாசாவோடு சேர்ந்து அளந்தபோது 500 மீட்டர் உயரத்தில் கடந்துபோகையில் கீழே 45 டெசிபல்தான் கேட்டது என்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் டாக்சி 500 மீட்டரில் ஆளை இறக்கிவிடாது. இறங்குதளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு வேறு.

அடுத்தது பாட்டரி. விமான எரிபொருள் ஒரு கிலோவில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. நல்ல லித்தியம் பாட்டரி ஒரு கிலோவில் 250 அளவில்தான். மோட்டாரின் திறமை அதிகம் என்று ஈடுகட்டினாலும் இடைவெளி பெரியது. எரிபொருள் தீரத் தீர விமானம் இலேசாகும், பாட்டரி தீர்ந்தாலும் அதே பாரத்தைச் சுமந்தபடிதான் இறங்க வேண்டும். அந்தரத்தில் நிற்பதுதான் இருப்பதிலேயே அதிக மின்சாரம் தின்னும் வேலை. ஆகவே மேலே போய் "சற்றுப் பொறுங்கள், கீழே இடம் காலியாகட்டும்" என்று சொல்லிக் காக்கவைக்க முடியாது. பஸ் நிலையத்தில் பஸ்கள் வரிசை கட்டி நிற்பதுபோல வானத்தில் நிற்க வழியில்லை.

இதனால் எண்ணிக்கையே உதைக்கிறது. ஓர் இறங்குதளத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 வண்டி, வண்டிக்கு நான்கு பேர், மொத்தம் 80 பேர். காலை நெரிசலில் தாம்பரம் போகிற ஒரே ஒரு மாநகரப் பஸ் அத்தனை பேரைச் சுமந்துவிடும். நான்கு பெட்டி மெட்ரோ ரயில் ஒரே நடையில் ஆயிரம் பேருக்கு மேல் கொண்டுபோகும். சாலை நெரிசலைப் பறக்கும் டாக்சி தீர்க்கும் என்று யாராவது மேடையில் சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

நேரமும் அப்படித்தான். 2023 நவம்பரில் இண்டிகோ விமானச் சேவையோடு தொடர்புள்ள இன்டர்குளோப் நிறுவனமும் பறக்கும் டாக்சி செய்யும் அமெரிக்காவின் ஆர்ச்சரும் சேர்ந்து டெல்லி கன்னாட் பிளேஸிலிருந்து குருகிராமுக்கு ஏழு நிமிடம் என்று அறிவித்தன. ஏழு நிமிடம் பறப்புக்கு மட்டும். வீட்டிலிருந்து தளத்துக்கு ஆட்டோ, எடை பார்ப்பது, சோதனை, ஏறிப் பட்டை கட்டுவது, அந்தப் பக்கம் இறங்கி மறுபடி ஓர் ஆட்டோ. மழைக்காலத்து மாலையில் இடி இடித்தால் அதுவும் இல்லை. வெகுதூரம் போகிறவருக்கு மிச்சம் உண்டு, பக்கத்தில் போகிறவருக்கு ஆட்டோவே மேல்.

2024இல் பாரிஸ் பட்ட பாடு இதற்கெல்லாம் ஒரே பாடம். ஒலிம்பிக்கின்போது ஜெர்மனியின் வோலோகாப்டர் பயணிகளோடு பறக்கும் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். 18 விசிறிகள், ஓட்டுநரைத் தவிர ஒரே ஒரு பயணி. சீன் ஆற்றில் ஆஸ்டர்லிட்ஸ் அருகே மிதவைமேல் தளம். நகர மன்றம் எதிர்த்தது, மத்திய அரசு அனுமதித்தது. அதுவும் மணிக்கு இரண்டு பறப்பு, மொத்தம் 900 பறப்பு, அந்த ஆண்டு முடிவு வரை என்று. கடைசியில் பயணிகளை ஏற்றத் தேவையான சான்றிதழ் உரிய நேரத்தில் வரவில்லை. ஆகஸ்டில் ஒரு விடியற்காலையில், வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின்மேல், பயணி இல்லாமல் ஒரு காட்சிப் பறப்பு நடந்தது. டிசம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இன்னொரு ஜெர்மன் நிறுவனமான லிலியமும் அதே காலத்தில் அதே வழியில் போயிற்று. மணிக்கு இரண்டு பேருக்காக ஒரு நகரமும் ஒரு நாடும் சண்டை போட்டதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

சீனாவின் ஈஹாங் முந்திக்கொண்டது. ஓட்டுநரே இல்லாத இரண்டு இருக்கை வண்டிக்கு 2023 அக்டோபரில் வடிவமைப்பு பாதுகாப்பானது என்கிற வகைச் சான்றிதழும், 2025 மார்ச்சில் இயக்க அனுமதியும் பெற்றது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஊரைச் சுற்றிக்காட்டுவதிலிருந்துதான் தொடக்கம். ராட்டினத்துக்கு அடுத்த படி என்று சொல்லலாம். துபாய் 2024இல் ஜோபியோடு ஒப்பந்தம் செய்து விமான நிலையம், பால்ம் ஜுமேரா, மரீனா, டவுன்டவுன் என நான்கு தளங்களைத் திட்டமிட்டது. அங்கே நடக்கும் என்றே நான் நினைக்கிறேன். பணக்காரப் பயணிகள், ஒரே அதிகாரம், கடற்கரை ஓரமாகப் பறக்க இடம். அந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் ஊர் அதிகமில்லை.

நம் ஊரில் யாராவது முதலில் ஏறுவார்கள் என்றால் அது நோயாளியாக இருக்கும் என்பது என் ஊகம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சத்திய சக்கரவர்த்தி தொடங்கிய ஈபிளேன் நிறுவனம் 2025 பிப்ரவரியில் 788 ஏர் ஆம்புலன்ஸ்களுக்கு ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் வேறு, சான்றிதழ் பெற்றுப் பறப்பது வேறு என்பதைப் பாரிஸ் காட்டிவிட்டது. ஆனாலும் கூரைமேல் சத்தம் கேட்கும்போது "ஆம்புலன்ஸ் போகிறது" என்று தெரிந்தால் நம் ஆட்கள் வழிவிடுவார்கள். சாலையில் விடுகிறார்களோ இல்லையோ.

நகரம் எப்படித் தயாராக வேண்டும் என்ற கேள்விதான் மிச்சம். சென்ற ஆண்டு சென்னைக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் என்னை அழைத்தது. ஒரு நிறுவனம் மொட்டை மாடியில் இலவசமாக ட்ரோன் இறங்குதளம் போட்டுத் தருவதாகக் கடிதம் எழுதியிருந்தது. மாடியைப் பார்க்கப் போனேன். கதவு பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம், அவர் விடுப்பில். மாற்றுச் சாவி செயலாளரிடம். அவர் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில். மூன்றாம் நாள் கதவு திறந்தது. லிஃப்ட் கடைசித் தளத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் இரும்பு ஏணி. மேலே நான்கு தண்ணீர்த் தொட்டி, சூரியத் தகடுகள், டிஷ் ஆன்டெனாக்கள், இடிதாங்கி, ஒரு செல்போன் கோபுரம். இவற்றுக்கு நடுவே கொடிக்கயிற்றில் போர்வைகள், ஓரத்தில் வெயிலுக்கு வைத்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. விசிறிக் காற்று முதலில் அந்தப் போர்வையைத்தான் தூக்கும், போர்வை விசிறியில் சுற்றும்.

அன்று மாலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "மாடியில் இறங்குகிற பொட்டலத்தைக் கீழே யார் கொண்டுவருவது?" வாட்ச்மேன்தான் என்றார் ஒருவர். "அவர் ஏணி ஏறினால் கேட்டில் யார் நிற்பது? எப்படியும் ஓர் ஆள் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால், இப்போது ஸ்கூட்டரில் வருகிற பையனே கொண்டுவரட்டுமே." என்னிடம் பதில் இல்லை.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அருகே ஒரு மூலை தேறியது. அங்கே படுக்கையறை ஜன்னல் எதுவும் திறப்பதில்லை, மின்கம்பி இல்லை, தென்னையும் எட்டத்தில் இருக்கிறது. தளத்தை அங்கே போட்டுப் பூட்டுள்ள பெட்டியும் வைக்க வேண்டும், காலை எட்டு முதல் இரவு எட்டு வரைதான், மருந்துக்கு மட்டும் விலக்கு, சத்தத்தைச் சங்கத்தின் எதிரில் அளந்து காட்டிய பிறகே தொடங்கலாம் என்று தீர்மானம் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். இதுவரை பதில் வரவில்லை. மாடிச் சாவிக்கு மட்டும் மூன்றாவது நகல் எடுத்துவிட்டார்கள்.